நின்று, ஆறி, தானே ஓடும் கார்: விட்டுவிட்டு வரும் எஞ்சின் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பழைய கார் வைத்திருப்பவர்கள் கராஜில் போய்ச் சொல்லும் முறைப்பாடுகளில் சங்கடமானது இது: "அண்ணை, நேற்று கைதடியடியிலை நிண்டிட்டுது. அரை மணித்தியாலம் கழிச்சுத் திறப்பைத் திருப்ப ஸ்ராட் வந்திட்டுது. இண்டைக்கு ஒரு பிழையுமில்லை." மெக்கானிக் பொனற்றைத் திறப்பார், ஸ்ராட் செய்வார், எஞ்சின் மணியாக ஓடும். அவர்தான் என்ன செய்வார்? பிளக்கைத் துடைத்து, பொயின்ற்றை (பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் சிறு தொடுப்பு) அரத்தாளால் ஒருக்கால் உரஞ்சி, "இனி நிக்காது, கொண்டு போங்கோ" என்று அனுப்பிவிடுவார். அடுத்த கிழமை கார் எழுதுமட்டுவாளில் நிற்கும்.

இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்போதும் இருக்கும் கோளாறு ஒரு பொருளின் பழுது: வயர் அறுந்துவிட்டது, பெற்றோல் தாங்கி வெறுமையாகிவிட்டது. எந்த நேரம் பார்த்தாலும் அது அங்கே இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறு அப்படியல்ல. அரைகுறையாகப் பழுதான ஒரு பொருளும் குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையும் சந்திக்கும்போதுதான் அது வெளியே வரும். வயரின் இழைகளில் பல உள்ளே அறுந்திருக்கும். எஞ்சின் இழுக்கும்போது ஒரு பக்கம் சரிந்தால்தான் மிச்ச இழைகளும் விலகும். பற்றறியின் வோல்ற்றைப் பொறி அடிக்குமளவுக்கு உயர்த்தும் கொயிலுக்குள் கம்பிச் சுற்று விண்டிருக்கும். சூடாகி விரிந்தால்தான் தொடர்பு விடும். அந்தச் சூழ்நிலை இல்லாத இடத்தில் வைத்துச் சோதித்தால், சோதிப்பது நல்ல காரைத்தான். சூழ்நிலைகளும் எண்ணிக்கையில் அதிகமில்லை: வெப்பம், அதிர்வு, ஈரம், தாங்கியில் உள்ள பெற்றோலின் அளவு, எஞ்சின் கேட்கும் இழுவை. இவற்றில் எது கூடவே வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. எந்தப் பொருள் என்பது அதற்குப் பிறகுதான்.

பெற்றோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: உரிய நேரத்தில் தீப்பொறி, உரிய அளவில் பெற்றோலும் காற்றும், சிலிண்டருக்குள் போதிய அமுக்கம். பிஸ்ரன் வளையமும் வால்வும் தேய்ந்தால் அமுக்கம் குறையும். ஆனால் அது வருடக்கணக்கில் மெல்லக் குறையுமே தவிர, பின்னேரம் போய் விடியத் திரும்பி வராது. சூட்டில் இறுகி ஒட்டும் வால்வு போன்ற விதிவிலக்குகள் உண்டுதான். தொடங்குபவர் அதைக் கடைசிக்கு வைக்கலாம். ஆகவே மிச்சம் ஒரேயொரு கேள்வி: நின்றது பொறியா, பெற்றோலா? கார் நின்றவுடன், எஞ்சின் ஆறுவதற்கு முன், இதற்கு விடை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆறின பிறகு எடுக்கும் விடைக்குப் பெறுமதி இல்லை.

நின்ற விதமே நிறையச் சொல்லும். சுவிச்சை மூடியதுபோல, இருமல் தும்மல் இல்லாமல் சட்டென்று நின்றதா? பெரும்பாலும் பொறி. இழுவை குறைந்து, கார் உதறி, இரண்டு தரம் வந்து போய் அடங்கியதா? பெரும்பாலும் பெற்றோல். உதறத் தொடங்கும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். எஞ்சின் தேறினால் அதற்குப் பெற்றோல் போதாமல் இருந்திருக்கிறது. சோக் கலவையைத் தடிப்பாக்கி அந்தக் குறையை மறைத்துவிட்டது. மாற்றமில்லை என்றாலோ இன்னும் மோசமானாலோ பொறிப்பக்கம் திரும்பலாம். ஓடிக்கொண்டே செய்யக்கூடிய, செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமலே, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரைக் கழற்றுபவர்கள்தான் அதிகம்.

வேகமும் ஒரு தடயம். யாழ்ப்பாணப் பட்டணத்துக்குள் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றும் நடக்காது. ஏ9 வீதியில் பளை தாண்டி ஒரே சீராக மிதித்துப் போகும்போது மட்டும் இழுவை விடும். காலை எடுத்தால் திரும்ப ஓடும். இதற்குப் பொருள், பெற்றோல் வருகிறது, ஆனால் எஞ்சின் கேட்கும் வேகத்தில் வரவில்லை. வடிகட்டி, குழாய், பம்ப், தாங்கியின் அடி ஆகியவற்றை அந்த ஒழுங்கில் சந்தேகிக்கலாம். மாறாக, ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஊர்ந்து நின்று ஊரும்போது நின்றுவிட்டு, வெளி வீதியில் காற்றுப்பட ஓடும்போது ஒன்றுமில்லை என்றால் வெப்பம்தான் கூட்டாளி.

நம் ஊரில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்றவை இந்தப் பாடத்தைப் படிக்க நல்ல வண்டிகள். மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது. ஏ40 சொமசெற் 1950களின் முற்பகுதி. 1990களில், பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காத காலத்தில், இவற்றைக் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது; எஞ்சின் சூடாக இருந்தால்தான் எரியும். இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை அதையும் பொறுத்துக்கொண்டன. அப்படி ஓடியவற்றில் பொறி வருகிறதா, எண்ணெய் வருகிறதா என்று கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் சொல்லமுடியும். கணினி கிடையாது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தொடங்குபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

டிக்கிக்குள் நான்கு பொருள் கிடக்கட்டும். ஒரு பழைய நல்ல பிளக், இரண்டு முனையிலும் கிளிப் போட்ட வயரோடு ஒரு 12 வோல்ற் பல்பு, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு துண்டுச் சீலை. கார் நின்றதும் திறப்பைத் திருப்பி, டாஷ்போட்டில் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது எரியாவிட்டால் கொயிலைக் குற்றம் சொல்லாதீர்கள்; திறப்புச் சுவிச்சிலோ அதற்கு வரும் வயரிலோதான் கரண்ட் நின்றிருக்கிறது. பழைய பிரித்தானியக் கார்களில் லூக்காஸ் நிறுவனத்து வயரிங்தான். அதில் திறப்பிலிருந்து கொயிலுக்குப் போவது வெள்ளை வயர். வழியில் பியூஸ் கிடையாது. மொறிஸ் மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்பும் அதே வெள்ளையில்தான் இருக்கிறது. ஆகவே சிவப்பு விளக்கும் இல்லை, பம்பின் டிக்டிக் ஒலியும் இல்லை, பொறியும் இல்லை என்றால், மூன்று பொருள் ஒரே நேரத்தில் பழுதாகவில்லை. மூன்றுக்கும் பொதுவான ஓரிடம் விட்டுவிட்டது. திறப்பில் பெரிய திறப்புக்கோர்வை தொங்கினால் அதன் பாரத்திலேயே சுவிச் ஆடித் தேய்ந்திருக்கலாம்.

விளக்கு எரிகிறதா? அடுத்தது பொறி. ஒரு பிளக்கின் தடித்த வயரைக் கழற்றி, கையிலுள்ள பழைய பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சினின் வெறும் இரும்பில் தொடும்படி வைத்து, இன்னொருவரை ஸ்ராட்டரை ஓட்டச் சொல்லுங்கள். காபரேற்றரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும், பெற்றோல் மணந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். வயரைக் கையால் பிடிக்கவும் வேண்டாம், அதில் வருவது 10,000 வோல்ற்றுக்கு மேல். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் பெற்றோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ வராமலே விட்டாலோ இந்தப் பக்கத்திலேயே இருங்கள்.

இங்கே அந்தப் பல்பு கைகொடுக்கும். கொயிலில் இரண்டு சிறிய முனைகள் உண்டு: ஒன்று திறப்பிலிருந்து வருவது, மற்றது டிஸ்ரிபியூற்றருக்கு (பொயின்ற்றும், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துவிடும் றோட்டரும் இருக்கும் பகுதி) போவது. பல்பின் ஒரு முனையைக் கார் உடலில் கடிக்கவிட்டு, மறுமுனையைத் திறப்புப் பக்கத்தில் தொட்டால் எரியவேண்டும். பிறகு டிஸ்ரிபியூற்றர் பக்கத்தில் தொட்டுக்கொண்டு எஞ்சினைச் சுற்றவிடுங்கள். பொயின்ற் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைந்து, பல்பு மினுங்கவேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பொயின்ற் மூடினாலும் தொடர்பு இல்லை: கருகியிருக்கும், எண்ணெய் பட்டிருக்கும், அல்லது உள்ளே ஏர்த் வயர் (கார் உடலோடு இணைக்கும் வயர்) விட்டிருக்கும். திறப்புப் பக்கத்தில் எரிந்து இந்தப் பக்கத்தில் எரியவே இல்லை என்றால், கொயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது பொயின்ற்றோ, அதில் பொறி தெறிப்பதை அடக்கும் கொண்டென்சரோ ஏர்த்தோடு சேர்ந்து நிற்கிறது. டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வயரைக் கொயிலிலிருந்து கழற்றிவிட்டு அதே முனையில் திரும்பத் தொடுங்கள். இப்போது எரிந்தால் கொயில் சரி, பிழை டிஸ்ரிபியூற்றருக்குள். நன்றாக மினுங்கியும் பிளக்கில் பொறி இல்லையா? கொயிலின் உயர்வோல்ற் சுற்று, றோட்டர், டிஸ்ரிபியூற்றர் மூடி, கொண்டென்சர் ஆகியவற்றில் ஒன்று. இரண்டு நிமிட வேலை. காரை மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்த பிறகு இந்த விடை கிடைக்காது.

டிஸ்ரிபியூற்றருக்குள் ஒரு வயரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியே தெரியாத எதிரி அதுதான். எஞ்சின் கேட்கும் இழுவைக்கேற்ப பொறியின் நேரத்தை மாற்ற, பொயின்ற் பூட்டிய தட்டு சிறிதளவு திரும்பும். அந்தத் தட்டுக்குத் துணி சுற்றிய மெல்லிய வயர் போகிறது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது வளைகிறது, நிமிர்கிறது. பல வருடத்தில் துணிக்குள் இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே வயர் முழுசாகத்தான் தெரியும். அரைமிதியில் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், அல்லது மறுவளமாக. இப்படி மிதிக்கும் அளவோடு ஒட்டி வரும் பிழைக்கு முதலில் அந்த வயரைக் குறட்டால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் றப்பர்போல நீளும்.

கொயில், கொண்டென்சர் இரண்டும் வெப்பத்தின் ஆட்கள். ஓடி இருபது முப்பது நிமிடத்தில் நிற்கும், ஆறவிட்டால் ஓடும், அடுத்த முறை இன்னும் விரைவாக நிற்கும். நின்றவுடன் திறப்பை மூடிவிட்டு, ஈரச் சீலையைக் கொயிலின் உடலில் சுற்றுங்கள்; மேலே தடித்த வயர் ஏறும் மூடியில் தண்ணீர் படக்கூடாது. சில நிமிடத்தில் பொறி திரும்பினால் சந்தேகம் வலுக்கிறது. வலுக்கிறது என்றுதான் சொல்கிறேன்: அந்த நேரத்தில் மற்றதெல்லாமும் சேர்ந்துதான் ஆறியிருக்கும். கொண்டென்சர் பழுதானால் பொயின்ற் இடைவெளியில் பொறி அளவுக்கு மீறித் தெறித்து, முகம் விரைவில் கருகும். புதிதாகப் போட்ட பொயின்ற் சில நாளில் கருகினால் பொயின்ற்றைத் திட்டாமல் பக்கத்திலிருக்கும் கொண்டென்சரைப் பாருங்கள். இடைவெளி இந்த லூக்காஸ் டிஸ்ரிபியூற்றர்கள் பலவற்றில் 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர்.

இனிப் பெற்றோல். தாங்கியின் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு வழி இருக்கும். ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் வராது, மறுபக்கம் இரண்டாவது துளை போட்டால்தான் வடியும், அதேதான் இங்கும். வலிகாமத்துச் செம்மண் புழுதியோ பழைய மூடிக்கு மேல் அடித்த பெயின்ற்றோ அந்த வழியை அடைத்தால், பம்ப் உறிஞ்சி உறிஞ்சித் தாங்கிக்குள் வெறுமை உண்டாகும், கடைசியில் பெற்றோல் வராமல் நிற்கும். கார் நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும், அதன்பின் கார் ஓடும். கேட்டால் கிடைக்கும் விடை இது. நின்ற அரை மணித்தியாலத்துக்குப் பிறகு திறந்தால் கேட்காது, காற்று மெல்லமெல்ல உள்ளே போயிருக்கும். அரைநாள் அலைச்சலை மிச்சப்படுத்தும் ஒரு திருகல் என்பதால் இதை எல்லாவற்றுக்கும் முன் செய்வது நல்லது.

அடுத்தது தாங்கியின் அடி. பல காலம் ஓடாமல் நின்ற காரின் தாங்கி உள்ளே துருப்பிடித்திருக்கும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், எத்தனை கார் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது, எத்தனை வீட்டில் கலன்களில் பெற்றோல் தேக்கி வைத்திருந்தார்கள் என்று. தூசும் தண்ணீரும் அப்படி உள்ளே போகும். ஓடும்போது துருச் செதில் குழாய் வாயில் போய் ஒட்டும்; நின்றதும் உறிஞ்சல் இல்லாமல் கீழே விழும்; கார் திரும்ப ஓடும். பார்ப்பவருக்கு இது அப்படியே 'சூட்டில் நிற்கிறது' போலத் தெரியும். பிரித்தறிய வழி, நேரத்தைக் குறித்து வைப்பது: சூட்டுப் பிழை ஆற இருபது முப்பது நிமிடம் எடுக்கும், செதில் விழ ஓரிரு நிமிடம் போதும்.

மைனரின் எஸ்.யு. மின்சாரப் பம்ப் பேசும் பம்ப். திறப்பைத் திருப்பியதும் சில தரம் டிக்டிக் என்று அடித்து, காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். கிண்ணம் வெறுமையாக இருந்தும் சத்தமே இல்லை, பம்பை ஸ்பானர்ப் பிடியால் இலேசாகத் தட்டினால் உயிர் வருகிறது என்றால் அதற்குள் உள்ள சிறு பொயின்ற் தேய்ந்துவிட்டது. நிற்காமல் படபடவென்று அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் ஒன்றுமில்லை. (பெற்றோல் மீற்றரை நம்பாதீர்கள், ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.) ஏ40 இல் பம்ப் எஞ்சினோடு பூட்டிய பொறிமுறைப் பம்ப், சத்தம் போடாது. எஞ்சின் சூடு நேரே ஏறும். பெற்றோலின் இலேசான கூறுகள் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும், உறிஞ்சும் குழாயில் அமுக்கம் குறைவு என்பதால் இன்னும் சுலபமாக. சித்திரை வைகாசி வெயிலில் பொனற்றுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழாய்க்குள் ஆவி நின்றால் பம்ப் ஆவியைத்தான் தள்ளும். பம்பிலும் குழாயிலும் ஈரச் சீலையைப் போட்டவுடன் ஓடினால் விடை கிடைத்தது. குழாயை எக்ஸோஸ்ற்றிலிருந்து விலக்கி, இடையில் ஒரு தகடு வைத்தால் பெரும்பாலும் தீரும்.

கடற்கரை ஊர் என்பதால் உப்பையும் சேர்க்கவேண்டும். பண்ணைப் பாலத்தால் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் தினம் போய்வரும் காரில் ஏர்த் தொடுப்புகளை முதலில் பாருங்கள் என்பேன். எஞ்சின் றப்பர்மேல் நிற்கிறது. உடலுக்கும் அதற்கும் இடையில் மின்சாரம் போவது ஒரு பின்னல் பட்டையால். அது உப்பில் அரித்தால் கரண்ட் வேறு வழி தேடும். ஸ்ராட் செய்யும்போது சோக் கேபிள் சுடுகிறதா? அப்படியென்றால் ஸ்ராட்டரின் கரண்ட் அந்தக் கேபிளால் போகிறது. வோல்ற் மீற்றர் இருந்தால், பற்றறியின் ஏர்த் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் வைத்து ஸ்ராட்டரை ஓட்டுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வழி பழுது. அந்தக் காலத்து மைனர், ஏ40 கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். புதுக் கார் பழகிய கை அதை மாறிக் கொடுத்துவிடும், கவனம்.

வீதியில் நிற்கும்வரை காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் வீட்டு முற்றத்திலேயே பிழையை வரவழைக்கலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காய்ந்த தடியொன்றால் ஒவ்வொரு வயரையும் தொடுப்பையும் அசைத்துக்கொண்டு வாருங்கள். எஞ்சின் எங்கே தடுமாறுகிறதோ அங்கே நில்லுங்கள். தலைமயிர் உலர்த்தியால் கொயிலைச் சூடாக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் வரும் பிழைக்கு, இருட்டில் தடித்த வயர்களில் தண்ணீரைப் புகைபோலத் தெளித்துப் பார்த்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஊர்வது தெரியும்.

1980கள், 90களின் ரொயோட்டா கொரொல்லா, நிசான் சன்னி வகைகளில் பலவற்றில் பொயின்ற் இல்லை. பொறியை ஒரு மின்னணுப் பெட்டி அடிக்கும். கேள்வி மாறவில்லை, சந்தேக நபர்கள்தான் மாறுகிறார்கள்: சூட்டில் மயங்கும் இக்னைற்றர் (அந்தப் பெட்டிதான்), எஞ்சின் சுற்றுவதை உணரும் கொயில், ஈயப்பற்று விண்ட றிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிச்). இவற்றில் பிளக் சோதனை செய்யும்போது தடித்த வயரை வெறுமனே தொங்கவிடக்கூடாது, அந்தப் பெட்டி எரிந்துபோகலாம். பெற்றோலை ஊசியால் தெளிக்கும் 90களின் ரொயோட்டாக்கள் பலவற்றில், பொனற்றுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துத் திறப்பைத் திருப்பினால், எஞ்சின் விளக்கு மினுங்கிப் பிழை எண்ணைச் சொல்லும். அதை வாசிக்குமுன் பற்றறியைக் கழற்றினால் ஞாபகம் அழிந்துவிடும். எண் எதுவும் இல்லை என்றால் பிழை இல்லை என்று எடுக்கவேண்டாம். எஞ்சின் கணினி கவனிக்கும் பொருள்கள் சிலதான்.

கராஜுக்குப் போகும்போது "அடிக்கடி நிக்குது" என்று சொன்னால் பயனில்லை. எத்தனை கிலோமீற்றர் ஓடி நின்றது, வெயிலா மழையா, தாங்கியில் எவ்வளவு, சட்டென்றா உதறியா, பொறி இருந்ததா, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓடியது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் நிற்கும் வேளையில் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரே நாளில் கொயில், கொண்டென்சர், பொயின்ற், பிளக் எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிழை போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அசைந்த வயர் ஒன்று தற்செயலாக இறுகியதும் காரணமாக இருக்கலாம், அப்படியென்றால் அது திரும்ப வரும். அதோடு, பழைய கார்களுக்கு இப்போது வரும் புதுக் கொண்டென்சர்களும் றோட்டர்களும் எல்லாம் தரமானவை அல்ல. கழற்றிய பழையது நல்லதாகவும் போட்ட புதியது கெட்டதாகவும் இருக்கலாம். ஒன்றை மாற்றுங்கள், முன்பு நின்ற அதே வெயிலில் அதே வீதியில் ஓடுங்கள், பிறகு அடுத்தது.

பிழை போய்விட்டது என்று தோன்றினால், மனமில்லாவிட்டாலும் பழைய பொருளைத் திரும்பப் பூட்டி ஒருமுறை ஓடிப் பாருங்கள். அதே பிழை அதே நேரத்தில் வந்தால் குற்றவாளி அதுதான். பிறகு அதைக் குப்பையில் போடுங்கள். "அவசரத்துக்கு உதவும்" என்று டிக்கிக்குள் வைத்தால், அடுத்த வருடம் யாராவது அதை எடுத்துப் பூட்டுவார்கள்.